அம்மாவின் காது, இருபது சோடி

ஒரு மொழி அறவே தெரியாதவனுக்கு ஆபத்து எதுவும் இல்லை. கையைக் காட்டுவான், தலையை ஆட்டுவான், பல்லைக் காட்டுவான், எப்படியோ பிழைத்துக்கொள்வான். முழுக்கத் தெரிந்தவனுக்கும் பயமில்லை. கால்வாசி தெரிந்தவன்தான் நாசமாய்ப் போவான். ஏனென்றால், மிச்ச முக்கால்வாசியைத் தன் மூளையிலிருந்து எடுத்து அவனே நிரப்பிக்கொள்வான்.

எண்பதுகளின் நடுவில் என்னிடம் சரியாகக் கால்வாசிப் பிரெஞ்சு இருந்தது. (அப்போது அதை அரைவாசி என்று சொல்லித் திரிந்தேன்.) பாரிசின் லா ஷப்பல் பகுதியில், மேம்பாலத்து மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் தட்டுமுட்டுச் சாமான்கள் நடுங்கும் ஓர் ஐந்தாம் மாடி அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். தேவண்ணை மூத்தவர், எங்களுக்கு முந்தி வந்தவர், ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். எந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கும் பொருள் சொல்வார். தெரியாத சொல்லுக்கு இன்னும் நன்றாகச் சொல்வார். அன்ரன் மன்னார்ப் பொடியன். விமான நிலையத்தில் துப்புரவு வேலை. அதிகம் பேசமாட்டான். மூன்றாவது ஆள் நான். தபால்பெட்டிகளுக்குள் விளம்பரத் தாள் போட்டுக்கொண்டு, படிகளில் ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்தவன்.

அந்த வேலையிலிருந்து தப்புவதற்காகத்தான் மதாம் ஒடெத்தின் தையல் பட்டறைக்குப் போனேன். பட்டறை இரண்டு தெரு தள்ளி, ஒரு முற்றத்தின் பின்பக்கம் இருந்தது. அவர் ஒரு யூதப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா, வாயில் குண்டூசி, மூக்கு நுனியில் கண்ணாடி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வூ கூசே?"

(தைப்பாயா என்று கேட்டிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? என் கால்வாசியில் 'கூசேன்' என்ற சொல்தான் இருந்தது. மச்சான், சித்தப்பா மகன், பெரியம்மா மகன் எல்லாரும் பிரெஞ்சில் கூசேன்.)

பாரிசில் எனக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்களா என்று அறிய ஆசைப்படுகிறார் என்று நினைத்து, உள்ளம் குளிர்ந்து, "உய் மதாம்! போக்கு!" என்றேன். நிறைய! அதோடு நின்றிருக்கலாம். "வில்லியே லே பெல்லில் இருக்கு. கூசேன்வில்லிலும் இருக்கு" என்று ஊர் ஊராக விரல் மடித்தேன். அவர் புருவத்தை உயர்த்தினார். இவ்வளவு சின்ன வயதில் இவ்வளவு இடங்களில் தைத்தவனா என்ற வியப்பு. என் குடும்பத்தின் பெருமை அவரை அசத்திவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்.

வேலை கிடைத்தது. இப்போதைக்கு நீராவி இஸ்திரி. கோடை தொடங்க ஒரு தையல்காரர் ஓய்வுபெறுகிறார். என் கைவேலையைப் பார்த்துத் திருப்தியானால் அவருடைய மெசினில் நிரந்தரமாக இருத்துவார். இதை மதாம் சைகையோடு விளக்கியதால் பிழையில்லாமல் விளங்கியது. ஏன் என்னைப்போய் மெசினில் இருத்தப் பார்க்கிறார் என்று மட்டும் விளங்கவில்லை. ஆனாலும் நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டபிறகு ஏன் என்று கேட்கிற அகதி எந்த உலகத்தில் இருக்கிறான்?

மாசி மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அது நடந்தது. நான் இஸ்திரி மெசினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அது மிதித்தால் பாம்புபோலச் சீறும். மதாம் பக்கத்தில் வந்து நின்று, கையில் இரண்டு சுருள் துணியை வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். மெத்தென்ற, தடித்த, வெட்டினால் ஓரம் பிரியாத துணி. 'ஃபெத்ரீன்' என்றார். மண்ணிறத்தில் ஒன்று, கறுப்பில் ஒன்று.

புதன்கிழமைகளில் இங்கே பள்ளிக்கூடம் இல்லை. அந்தப் பின்நேரங்களில் மதாம் ஸ்டாலின்கிராட் பக்கம் ஒரு மண்டபத்தில் யூதப் பிள்ளைகளுக்குத் தங்கள் பண்டிகைகளைப் பற்றிப் படிப்பிப்பார். பட்டறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆகவே பிள்ளைகள், பண்டிகை, புதன் என்ற மூன்று சொல்லும் எனக்கு உடனே பிடிபட்டன. பிறகு மெசின் சீறியது. பிறகு 'இருபது' என்றார். மெசின் சீறியது. வெளியே மண்ணிறம், உள்ளே கறுப்பு, அதற்குள் ஓர் இனிப்பு வைக்க இடம். சீறல். எல்லாவற்றுக்கும் நடுவில், மூன்று நான்கு தடவை, ஒரே ஒரு பொருளின் பெயர்.

"ஒரேய் தமான்."

ஒரேய் என்றால் காது. 'த மமான்' என்றால் அம்மாவின். பாரிசுக்காரர் பாதிச் சொல்லை விழுங்கிவிட்டுத்தான் மிச்சத்தை வெளியில் விடுவார்கள் என்பது எனக்குத் தெரிந்ததால், விழுங்கிய ஒரு 'ம'வை நானே திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

அம்மாவின் காது. இருபது.

"விளங்கியதா?" என்றார் மதாம்.

"உய் மதாம்."

கடைசியாக அவர் என் தோளில் தட்டி, மறுபடி அந்தக் 'கூசே'யைச் சேர்த்து ஏதோ சொன்னார். (உனக்குத்தான் நன்றாகத் தைக்கத் தெரியுமே என்று சொல்லியிருப்பார்.) உன் கூசேன்மாரையும் சேர்த்துக்கொண்டு செய் என்று எடுத்துக்கொண்டேன். துணிச்சுருள்களை அக்குளில் வைத்துக்கொண்டு அறைக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல், மூவருக்கும் வேலையில்லை. துணியை மேசையில் விரித்து விஷயத்தைச் சொன்னேன். தேவண்ணை சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு நீதிபதிபோல உட்கார்ந்தார்.

"ஒரேய் எண்டால் காது. மமான் எண்டால் அம்மா. இதிலை உனக்கு என்ன விளங்கேல்லை?"

"அது விளங்குது அண்ணை. ஏன் எண்டுதான் விளங்கேல்லை."

"இஞ்சை அம்மாமாருக்கெண்டு ஒரு பண்டிகை இருக்கு. வைகாசியிலை வாறது. உவையளுக்கு வேறை கலண்டர்தானே, முந்தி வருதாக்கும்."

"காதை ஏன் செய்ய வேணும்?"

"பிள்ளை அழுதால் ஆருக்கடா முதல் கேக்கும்?"

"அம்மாவுக்கு."

"எதாலை கேக்கிறவ?"

"காதாலை."

"பிறகென்ன?" என்று கையை விரித்தார்.

அன்ரன் மெதுவாக, "அப்ப காதுக்குள்ளை இனிப்பு?" என்றான்.

தேவண்ணை ஒரு கணம் தடுமாறினார். ஒரே ஒரு கணம்தான். "அம்மான்ர காதுக்கு இனிப்பாக் கதைக்க வேணும். சின்னப் பிள்ளையளுக்கு அது சொன்னால் விளங்குமோ? விளங்காது. அதுதான் இனிப்பையே வைச்சுக் காட்டினம்."

நானும் அன்ரனும் பக்தியோடு தலையை ஆட்டினோம். (இந்த விளக்கம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். உலகத்தில் அப்படி ஒரு பண்டிகை இல்லாதது தேவண்ணையின் குற்றமில்லை.) துணியின் மண்ணிறம் வேறு என் மனதை உருக்கிவிட்டது. வெள்ளைக்காரரின் காதுக்கு ரோசாநிறம் அல்லவா எடுத்திருக்க வேண்டும்? செய்கிறவன் யார் என்று பார்த்து, எங்கள் அம்மாமாரின் நிறத்தைத் தேடி எடுத்திருக்கிறார். என்ன மனுசி!

அடுத்த பிரச்சினை எண்ணிக்கை. "இருபது காதெண்டால் பத்து அம்மாதானே" என்றான் அன்ரன். "பிள்ளையள் இருபதாம். ஒரு பிள்ளைக்கு ஒற்றைக் காதோ குடுக்கிறது? அபசகுனம்" என்றார் தேவண்ணை. இருபது சோடி என்று தீர்மானம் ஆனது.

பிறகு வெட்டவேண்டும். சோக்கட்டியை எடுத்துக்கொண்டு துணிமேல் குனிந்தேன். கை அசையவில்லை.

"என்ன, கீறு."

"அம்மான்ர காது எப்பிடி இருக்கும் அண்ணை?"

"காது மாதிரித்தான் இருக்கும். என்ன கேள்வி இது?"

"அப்ப நீங்கள் உங்கட அம்மான்ரையைக் கீறுங்கோ."

சோக்கட்டியை வாங்கியவர் அப்படியே இருந்தார். அன்ரன் வாங்கினான். அவனும் இருந்தான். அம்மா சிரித்தால் எப்படி, ஏசினால் எப்படி, எந்த விரலில் அரிவாள் வெட்டுக் காயம், எல்லாம் மூன்று பேருக்கும் தெரியும். காதை மட்டும் ஒருவரும் பார்த்ததில்லை. அம்மா எங்கள் காதைப் பிடித்து முறுக்கியதுதான் ஞாபகம். பெட்டியிலிருந்து படங்களை எடுத்துப் பார்த்தோம். ஸ்டூடியோக்காரன் மூன்று அம்மாவையும் நேருக்கு நேராக இருத்தி எடுத்திருந்தான். காது இருக்கவேண்டிய இடத்தில் தோடு மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

 மெத்ரோ ஒன்று போனது. கோப்பைகள் நடுங்கின.

"பிள்ளைக்குக் காது தாயின்ரை மாதிரித்தான் வரும்" என்று தேவண்ணை தொண்டையைச் செருமினார். "என்ரையைக் கீறு."

மேசையில் பக்கவாட்டாகத் தலையை வைத்துப் படுத்துக்கொண்டார். அன்ரன் தலையை அமத்திப் பிடிக்க, நான் காதைச் சுற்றிச் சோக்கட்டியை ஓட்டினேன்.

"டேய், கூசுதடா!"

"ஆடாதேங்கோ அண்ணை, அம்மான்ர காது கோணலாப் போகுது."

"மயிரையும் சேத்துக் கீறிப்போடாதை. அம்மாவுக்கு மயிர் இல்லை."

வெட்டிப் பார்த்தோம். மேசையில் கிடந்த காது, ஒருவனை வெட்டிப் போட்டுவிட்டு எடுத்து வந்ததுபோல இருந்தது. சின்னதாக இருப்பதால்தான் அப்படி என்று பெரிதாக்கினோம். இன்னும் பெரிதாக்கினோம். கடைசியில் ஒவ்வொரு காதும் அப்பளம் அளவுக்கு வந்தபோது பயம் போய்ச் சிரிப்பு வந்தது. அதுதான் சரியான அளவு என்று முடிவு செய்தோம்.

தைத்ததை மட்டும் விவரிக்கமாட்டேன். மூவரில் ஒருவருக்கும் சட்டைப் பொத்தான் கட்டக்கூடத் தெரியாது. தைத்தோம் என்பதைவிடக் குத்தினோம் என்பதே பொருத்தம். துணியை அரைவாசி, ஒருவரை ஒருவர் அரைவாசி. அன்ரன் தன் தலையணையைத் தியாகம் செய்தான். அதன் பஞ்சு காதுகளுக்குள் போனது. கறுப்புத் துணியில் ஒரு பை செய்து, நடுவில் காதுத் துவாரமாக வைத்து, உள்ளே ஒரு டொபி போட்டோம். பிள்ளைகள் மாட்டிக்கொள்ள வசதியாக இலாஸ்டிக். எல்லாம் முடிந்து வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது ஏதோ ஒன்று குறைந்தது.

"தோடு!" என்றார் தேவண்ணை. "வெறுங்காதோடை அம்மாவை அனுப்பிறதோ பண்டிகைக்கு?"

மறுநாள் மதாமிடம் கேட்டு, பட்டறையில் கழித்துவிட்ட பொன்னிறக் கோட்டுப் பொத்தான்கள் ஒரு பொட்டலம் வாங்கிவந்தேன். ஒவ்வொன்றிலும் நங்கூரம் பொறித்திருக்கும். கப்பற்படைக் கோட்டுக்கு உரியவை. நாற்பது காதிலும் நங்கூரத் தோடு ஏறியது. தேவண்ணை ஒரு காதைக் கையில் எடுத்து, கொஞ்சநேரம் பார்த்து, "அம்மா கண்டால் சந்தோசப்படுவா" என்றார். (அவருடைய அம்மா கண்டிருந்தால் முறுக்கியிருப்பார்.)

புதன்கிழமை முகம் வழித்து, அன்ரனின் கழுத்துப் பட்டியைக் கட்டிக்கொண்டு, பயணப்பை நிறையக் காதுகளோடு ஸ்டாலின்கிராட்டுக்கு நடந்தேன். மண்டபத்தைத் தேடித் திரிந்ததில் கொஞ்சம் பிந்திவிட்டது. நான் உள்ளே நுழையும்போது வகுப்பு தொடங்கியிருந்தது. மதாம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையில் ஒரு கிரீடம் வரைந்தபடி கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். ஒவ்வொருவர் கையிலும் சுழற்றினால் கடகடவென்று சத்தம் போடும் மரக் கிலுகிலுப்பை. மதாம் திரும்பாமலே, கொடு கொடு என்று கையசைத்தார்.

நான் கோயிலில் பிரசாதம் கொடுக்கிறவனின் பக்தியோடு வரிசை வரிசையாகப் போய், ஆளுக்கு ஒரு சோடி காது கொடுத்தேன். பிள்ளைகள் முதலில் முழித்தார்கள். முன்பல் இல்லாத தனியேல் என்ற பொடியன் இலாஸ்டிக்கைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டான். அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் மண்டபம் முழுக்க யாழ்ப்பாணத்து அம்மாமார்.

அந்த நேரம் பார்த்து மதாம் கதையில் அந்தப் பெயரைச் சொன்னார்.

"...அமான்!"

பிள்ளைகள் வெடித்தார்கள். காலால் தரையை உதைத்தார்கள். கிலுகிலுப்பையைச் சுழற்றினார்கள். "ஊ! ஊ!" என்று கத்தினார்கள். தனியேல் நாலு பல் இல்லாத வாயால் விசிலடிக்கப் பார்த்துத் துப்பலாகத் தெறித்தது. மதாம் அமைதியாகக் கிரீடத்துக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தார். சத்தம் அடங்கியதும் கதையைத் தொடர்ந்தார். மறுபடி, "...அமான்!"

மறுபடி வெடி. ஒரு சின்னப் பெண் தன் காதைக் கழற்றி மேசையில் அடித்தாள். நங்கூரத் தோடு டொக் டொக்கென்றது. ஒருத்தன் காதைத் தரையில் போட்டு ஏறி மிதித்தான்.

 அம்மா என்ற சொல்லைக் கேட்டதும் 'ஊ' போடுகிற பிள்ளைகளை நான் ஜென்மத்தில் கண்டதில்லை. இது என்ன பண்டிகை? அம்மாவைக் கேவலப்படுத்தவா நாங்கள் ஞாயிறு முழுக்க ஊசியால் குத்துப்பட்டோம்? தலையணை கொடுத்த அன்ரன், மேசையில் தலை வைத்துப் படுத்த தேவண்ணை, படத்தில் நேரே பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, எல்லாரும் கண்ணுக்குள் வந்தார்கள். மூன்றாம் தடவை மதாம் அந்தப் பெயரைச் சொல்லி, மூன்றாம் தடவை மண்டபம் குலுங்கியபோது நான் ஒரு கதிரையில் ஏறிவிட்டேன்.

"நோன்!" என்று கத்தினேன்.

சத்தம் சட்டென்று நின்றது. எனக்குப் பேச மேடை கிடைத்தது. மதாம் உச்சரிப்பதுபோலவே, நாகரிகமாக, முதல் 'ம'வை விழுங்கிவிட்டுப் பேசினேன்.

"அமான் போன்! அமான் த்றே ஜந்தீய்!" அமான் நல்லவர். அமான் மிகவும் அன்பானவர்.

பிள்ளைகள் கிலுகிலுப்பையைத் தூக்கிப் பிடித்தபடி மதாமைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூவா, ஜெம் அமான்!" எனக்கு அமானைப் பிடிக்கும். நெஞ்சில் கைவைத்துக்கொண்டேன். தனியாக நிற்கிறேனே என்ற பலவீனத்தில் பக்கபலமும் சேர்த்தேன். "தூ லெ தமூல், ஜெம் அமான்!"

தமிழர் எல்லாருக்கும் அமானைப் பிடிக்கும்.

மதாம் ஒடெத் திரும்பினார். அவர் கண்ட காட்சியை நீங்களே யோசித்துப் பாருங்கள்: அப்பள அளவில் மண்ணிறக் காதும் கப்பற்படைத் தோடும் மாட்டிய இருபது பிள்ளைகள், அவர்களுக்கு நடுவில் கதிரைமேல் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு கறுத்த மனிதன், தங்கள் இனத்தையே பூண்டோடு அழிக்கத் திட்டமிட்ட பழைய பாரசீக மந்திரியின்மேல் அவன் அன்பை அறிவிக்கிறான், தன் இனத்தின் சார்பில்.

(அந்த மந்திரியின் பெயர்தான் அமான். கதையில் அவன் பெயர் வரும்போதெல்லாம், அது காதில் விழாதபடி சத்தம் போட்டு மூழ்கடிப்பதுதான் பிள்ளைகளின் வேலை. எஸ்தர் ராணி அவனிடமிருந்து தன் சனத்தைக் காப்பாற்றியதைத்தான் அந்தப் பண்டிகையில் கொண்டாடுகிறார்கள். இதெல்லாம் கதிரையில் நிற்கும்போது எனக்குத் தெரியாது.)

தனியேல்தான் முதலில் பேசினான். "மதாம், இவர் அமானுடைய ஆளா?"

மதாமின் முகம் வெளிறிப்போயிருந்தது. மெல்ல நடந்து வந்து, சின்னப் பெண்ணின் மேசையிலிருந்து ஒரு காதை எடுத்தார். திருப்பினார். தோட்டைத் தடவிப் பார்த்தார்.

"இது என்ன?"

"ஒரேய்" என்றேன். குரல் இறங்கிவிட்டது. "ஒரேய் த மமான். மா மமான். ஸ்ரீலங்கா." படத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன். தோட்டைக் காட்டினேன், பொத்தானைக் காட்டினேன், மறுபடி தோட்டைக் காட்டினேன்.

மதாம் படத்தைப் பார்த்தார். காதைப் பார்த்தார். "த... மமான்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். "தமான். த மமான்." பிறகு பிள்ளைகள் உட்காரும் குட்டிக் கதிரை ஒன்றில் தொப்பென்று உட்கார்ந்து, முகத்தைக் காதால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழ வைத்துவிட்டேனே என்று பதறி இறங்கி, "பர்தோன் மதாம், பர்தோன்" என்றேன். காதை விலக்கினார். கண்ணீர்தான், ஆனால் அந்த மனுசி சிரித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கிச் சிரித்தார். என்ன ஏது என்று தெரியாமல் பிள்ளைகளும் சிரித்தார்கள். நாலுபேர் சிரித்தால் நான் எப்போதும் கூடச் சிரித்துவிடுவேன், எனவே நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு தகரப் பெட்டியைத் திறந்து எனக்கு ஒன்றைத் தந்தார். முக்கோணமாக மூன்று பக்கம் மடித்த மண்ணிற மாப் பலகாரம். நடுவில் கசகசாவை அரைத்து வைத்த கறுப்பு இனிப்பு. அதற்குப் பெயர் 'அமானின் காது'. அந்தப் பலகாரத்தின் வடிவத்தில், கையளவில், ஒரு டொபி வைக்கிற சின்னப் பை. அவர் கேட்டது அவ்வளவுதான். ஒரு வட்டம் வெட்டி மூன்று இடத்தில் கிள்ளித் தைத்தால் முடிந்தது. ஒருவன் அரைநாளில் இருபதும் செய்துவிடலாம்.

"எங்களைக் கொல்ல வந்தவன்" என்றார் மதாம், ஒவ்வொரு சொல்லாக, கையால் கழுத்தை அறுத்துக் காட்டி, எனக்கு விளங்கும்படி. பிறகு பலகாரத்தைக் காட்டினார். "அவனை நாங்கள் தின்கிறோம்." ஒரு கடி கடித்தார்.

பலகாரத்தை வாயில் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

பிள்ளைகளுக்கோ காதைக் கழற்ற மனமில்லை. மதாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "பிள்ளைகளே, ஒரு திருத்தம். இவை எஸ்தர் ராணியின் காதுகள். அமானின் சதியை முதலில் அறிந்து ராணியிடம் சொன்னார்கள் அல்லவா? அதைக் கேட்ட காதுகள் இவைதான்" என்று அறிவித்தார். தனியேல் உட்பட எல்லாப் பொடியன்களும் ராணி ஆனார்கள். மதாம் கதையை மீண்டும் தொடங்கினார். நான் கடைசி வரிசையில் ஒரு கிலுகிலுப்பையோடு உட்கார்ந்தேன். அமான் என்ற பெயர் வந்தபோது, மண்டபத்திலேயே அதிகச் சத்தம் என்னுடையது. என் இனத்தின் பெயரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

அந்தச் சத்தத்தில்தான் தையல் விட்டது. முதலில் ஒரு காது, பிறகு நாலு, பிறகு எல்லாம். தோடுகள் உருண்டு ஓடின. அன்ரனின் தலையணைப் பஞ்சு பனிபோல மண்டபம் முழுக்கப் பறந்து, மதாமின் கண்ணாடியில் இறங்கியது. அவர் ஒரு காதின் பிரிந்த ஓரத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து நெடுநேரம் பார்த்தார். இவ்வளவு மோசமான தையலைத் தன் வாழ்நாளில் கண்டிருக்கமாட்டார்.

"வூ... கூசே?" என்றார். இந்தத் தடவை விரலால் ஊசி ஏற்றி இறக்கிக் காட்டினார்.

ஊசி! எனக்கு உச்சியில் இடி விழுந்தது. "நோன் மதாம். கூசேன்" என்று, ஆள் உயரங்களைக் காற்றில் கையால் அளந்து காட்டினேன், பெரிய மச்சான், சின்ன மச்சான், கைக்குழந்தை. அவர் மறுபடி குட்டிக் கதிரையைத் தேடி உட்கார்ந்தார்.

தையல் மெசின் எனக்குக் கிடைக்கவில்லை. ஊசியைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு இஸ்திரி மெசின் நிரந்தரமானது. அடுத்த பதினொரு வருடம் அதில்தான் நின்றேன். மதாம் எந்த வேலை சொன்னாலும் முதலில் மெசினை நிறுத்தச் சொல்வார்; பிறகு சொல்வார்; பிறகு என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்; பிறகு படமும் கீறிக் காட்டுவார்.

அன்று அறைக்குத் திரும்பி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அன்ரன் சோற்றைப் பிசைந்தபடி, "ஓ, ஆமானே? எஸ்தர் ராணி, ஆமான். வேதாகமத்திலை இருக்கு. சின்னனிலையே படிச்சனாங்கள்" என்றான்.

"எடேய்! ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு இருந்தியே!"

"நீ அம்மா எண்டெல்லோ சொன்னனீ."

தேவண்ணை தன் விளக்கம் பிழைத்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் கொண்டுவந்த பலகாரத்தைக் கடித்து, கண்ணை மூடி மென்றார். "கொல்ல வந்தவனைச் சுட்டுத் தின்னுறது நல்ல வழக்கம்தான்" என்றார். "எங்கட ஆக்கள் தொடங்கினால் அடுப்புக் காணாது."

பல வருடங்களுக்குப் பிறகு அம்மா பாரிசுக்கு வந்தபோது மதாமிடம் கூட்டிப்போனேன். வணக்கம் சொல்வதற்கு முன்பே மதாம் மூக்குக்கண்ணாடியை ஏற்றி, அம்மாவின் தலையை மெதுவாகப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பி, காதை நன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, ஒத்துவரவே இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"என்னடா தம்பி, உந்த மனிசி என்ர தோட்டையே பாக்குது?" என்றார் அம்மா, கையால் பொத்திக்கொண்டு.

இந்தக் கதையை என் கல்யாணத்தன்று தேவண்ணை ஒலிவாங்கியைப் பிடித்துச் சொல்லிவிட்டதால் என் மனைவிக்கு ஒளிக்கமுடியவில்லை. மனைவி மகளுக்குச் சொன்னாள். மகள் இங்கேயே பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுகிறவள். ஒவ்வொரு வருடமும் வைகாசியில் அம்மாமாரின் பண்டிகைக்கு மற்றப் பிள்ளைகள் பூக்கொத்து வாங்கிக்கொண்டு போக, அவள் வீட்டில் மாப் பிசைந்து, முக்கோணமாகக் கிள்ளி, ஒரு தட்டு நிறையச் சுட்டு எடுத்து வருவாள்.

"பொன் ஃபெத், மமான்!" என்று அம்மாவுக்குப் பண்டிகை வாழ்த்துச் சொல்வாள்.

மனைவி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "இது ஆற்ற காதப்பா? உங்கட அம்மான்ரையோ, என்ர அம்மான்ரையோ?"

"ஆமான்ரை" என்பேன்.

"ஆற்ற காதெண்டாலும் அடி கருகிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவதையும் எடுப்பாள்.